ஊசி குத்தாமல் ஒளியால் சுகர் பார்க்கும் வாட்ச்: என் மகளுக்கு நம்பிக் கட்டலாமா?

#1 தேன்சிட்டு

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஒன்பது வயது, டைப் 1 சர்க்கரை நோய். தெரியவந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஒரு நாளைக்கு ஆறு முறை, சில நாள் எட்டு முறை விரலில் குத்திப் பார்க்கிறோம். ஆரம்பத்தில் அழுவாள். இப்போது அழுவதில்லை. மீட்டர் பையின் ஜிப் சத்தம் கேட்டதும் தானாகவே கையை நீட்டிவிட்டு முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். அவள் அழுததைவிட இதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை.

போன வாரம் உறவினர் ஒருவர் ஆசையாக ஒரு வாட்ச் வாங்கிவந்து கொடுத்தார். பின்பக்கம் பச்சையும் சிவப்புமாக விளக்கு மினுக்குகிறது. ஊசி வேண்டாம், ஒளிக்கதிராலேயே இரத்தச் சர்க்கரை தெரியும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. மீட்டரோடு ஒப்பிட்டு எழுதி வைத்தேன். மீட்டர் முதலில், வாட்ச் அடுத்து: 118 – 112, 104 – 109, 131 – 116. பரவாயில்லையே என்று நினைத்தேன். ஒருமுறை மட்டும் 240 – 121 வந்தது. கை சரியாகக் கழுவாமல் குத்திவிட்டோமோ என்று விட்டுவிட்டேன். ஆனால் நேற்று இரவு 61 – 107. அதற்குப் பிறகு எதை நம்புவது என்றே தெரியவில்லை.

ஒளியால் சர்க்கரையை அளக்கவே முடியாதா, இல்லை இந்த ஒரு வாட்ச்தான் மோசமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


#2 கார்த்திகைப்பூ

அக்கா, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம். நேத்து 61 வந்தப்ப என்ன செஞ்சீங்க? பாப்பாவுக்கு லோ, அதாவது சர்க்கரை ரொம்ப இறங்கின அறிகுறி ஏதாவது இருந்துச்சா?


#3 தேன்சிட்டு

இருந்தது. கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது, பேச்சு கொஞ்சம் குழறியது. மீட்டரை நம்பி உடனே குளுக்கோஸ் கொடுத்தேன். 15 நிமிடம் கழித்துக் குத்திப் பார்த்தபோது 94. ஆனால் கொடுப்பதற்கு முன்னால் ஒரு அரை நிமிடம் அந்த 107ஐப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அரை நிமிடம்தான் என்னை இங்கே எழுத வைத்தது.


#4 சோதனைக்குழாய்

சகோதரி, சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். உடம்பு சொல்வதும் மீட்டர் சொல்வதும் ஒன்றாக இருந்தது. அங்கே வாட்சுக்கு வேலையே இல்லை.

நான் இருபது வருடமாக இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். உங்கள் கேள்வியை நீங்களே இரண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள், அது நல்லது. முதல் பாதிக்கு என் பதில்: ஒளியால் சர்க்கரையை அளக்க முடியும். தினமும் அதைத்தான் செய்கிறேன். ஆனால் அது எப்படி நடக்கிறது என்று பார்த்தால்தான் உங்கள் வாட்சில் என்ன இல்லை என்பது புரியும்.

ஊசியில் எடுத்த இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்தால் மேலே வெளிர் மஞ்சளாகச் சீரம் நிற்கும். அதில் சர்க்கரை இருக்கிறது, ஆனால் கண்ணுக்கும் தெரியாது, சாதாரண விளக்குக்கும் தெரியாது. குளுக்கோஸுக்கு நிறமே கிடையாது. அந்தச் சீரத்தில் 10 மைக்ரோலிட்டர், அதாவது சொட்டிலும் சிறு பங்கு, எடுத்து 1 மில்லி ரசாயனக் கரைசலில் விடுகிறோம். 37 டிகிரியில் 10 நிமிடம் வைக்கிறோம். குழாய் இளஞ்சிவப்பாகிறது. சர்க்கரை கூடுதலாக இருந்தால் அடர் சிவப்பு. 60 சொச்சம் என்றால் ரோஜா இதழின் அடிப்பாகம் போல வெளிறிய நிறம். அந்த நிறத்தின் அடர்த்தியைத்தான் 505 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சி இயந்திரம் அளக்கிறது.

அந்தக் கரைசலில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. சீரத்தில் புரதம், கொழுப்பு, யூரியா என்று ஆயிரம் பொருள் மிதந்தாலும் அது குளுக்கோஸை மட்டும் பிடிக்கும். பிடித்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது, அதைக் கொண்டு இரண்டாவது நொதி நிறத்தை உண்டாக்குகிறது. ஒளிக்கு வேலை வருவது கடைசியில்தான். முதலில் யாரோ ஒருவர் கூட்டத்திலிருந்து சர்க்கரையைத் தனியே பொறுக்கிக் கொடுக்க வேண்டும்.

வீட்டு மீட்டரும் முதலில் இப்படித்தான் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த முதல் மீட்டர்களில் பட்டையில் இரத்தம் விட்டு, ஒரு நிமிடம் காத்திருந்து, தண்ணீரில் கழுவி, பட்டை எவ்வளவு நீலமாகியிருக்கிறது என்று ஒளியைப் பாய்ச்சி, பட்டுத் திரும்பி வருவதை வைத்துப் படிப்பார்கள். இப்போதைய ஸ்ட்ரிப்பில் நிறத்துக்குப் பதில் மின்னோட்டம். பொறுக்கிக் கொடுப்பது மட்டும் இன்றும் ஒரு நொதிதான்.

உங்கள் வாட்சின் பின்பக்க விளக்கு தோலைத் தொடுகிறது. அங்கே சர்க்கரையைப் பொறுக்கிக் கொடுப்பது எது? எதுவுமில்லை.


#5 பழைய ரேடியோ

ஐயா சோதனைக்குழாய் அவர்களுக்கு வணக்கம். உங்கள் அனுபவத்துக்கு மரியாதை கொடுத்தே மறுக்கிறேன். எனக்கு வயது 67, டைப் 2, மாத்திரை மட்டும்தான். இதே மாதிரி வாட்சை ஆறு மாதமாகக் கட்டியிருக்கிறேன். வாரம் ஒருமுறை மீட்டரோடு ஒப்பிடுகிறேன். பத்து, பதினைந்துக்குள்தான் வித்தியாசம் வருகிறது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் ஊசி இல்லை, நொதியும் இல்லை. வெறும் ஒளிதான். ஆஸ்பத்திரியே அதை நம்பித்தானே ஆக்சிஜன் கொடுக்கிறது? அதற்கு முடிந்தது இதற்கு ஏன் முடியாது?


#6 சோதனைக்குழாய்

ஐயா, ரொம்ப நல்ல கேள்வி. எங்கள் கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்களும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள்.

ஆக்சிமீட்டர் அளப்பது ஹீமோகுளோபினை. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1970களில் கண்டுபிடித்த வழி அது. 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி ஒன்று, 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒன்று. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் இந்த இரண்டையும் ஒரு விதமாக உறிஞ்சும், ஆக்சிஜன் இல்லாதது வேறு விதமாக உறிஞ்சும். இரத்தம் பளிச்சென்று சிவப்பாகவும் கருஞ்சிவப்பாகவும் இருப்பதை நாமே கண்ணால் பார்க்கிறோம். இயற்கையே நிறத்தைப் பூசிக் கொடுத்துவிட்டது.

அளவையும் பாருங்கள். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் சுமார் 14 கிராம். அதே டெசிலிட்டரில் சர்க்கரை 100 மில்லிகிராம். எடையில் நூற்று நாற்பதில் ஒரு பங்கு, அதுவும் நிறமில்லாமல்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். சர்க்கரை 100 இருக்கும்போது ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்குச் சுமார் 10,000 நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கின்றன. அகச்சிவப்பில் குளுக்கோஸ் உறிஞ்சும் இடங்கள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. 1500 முதல் 1800 நானோமீட்டர் வரை ஒன்று, 2000க்கு மேல் இன்னொன்று. ஆனால் அந்தப் பக்கமெல்லாம் தண்ணீரின் ராஜ்ஜியம். 1450இலும் 1940இலும் தண்ணீர் ஒளியை அப்படியே விழுங்குகிறது. அந்தப் பேரிரைச்சலின் ஓரத்தில் ஒரு முணுமுணுப்பாகத்தான் குளுக்கோஸ் கேட்கும். சகோதரியின் மகளுக்கு வந்த 61ஐயும் வாட்ச் சொன்ன 107ஐயும் வேறுபடுத்த வேண்டுமென்றால், இருபதாயிரம் நீர் மூலக்கூறுகளுக்கு ஒரு குளுக்கோஸ் கூடவா குறையவா என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கிடையில் தோலின் சூடு ஒரு டிகிரி மாறினாலே தண்ணீரின் உறிஞ்சல் நகர்ந்துவிடும், அந்த நகர்வு குளுக்கோஸின் முணுமுணுப்பைவிடப் பெரிது. வியர்வை, தோலின் நிறம், பட்டையை எவ்வளவு இறுக்கிக் கட்டினோம் என்பது எல்லாமே அதே அளவுக்குக் குறுக்கே வரும்.

பச்சை விளக்கு நாடித் துடிப்புக்கானது. இரத்தம் பாய்வதால் ஏற்படும் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது, அந்த வேலையை நன்றாகவே செய்யும்.


#7 மின்கம்பி

சோதனைக்குழாய் அண்ணா சொன்னதைப் படித்ததும் என் பழைய தவறைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

கல்லூரிக் கடைசி வருடத்தில் நானும் இதே கருவியைத்தான் செய்தேன். 940 நானோமீட்டர் எல்.இ.டி. ஒன்று, எதிரே ஒளியுணரி ஒன்று, நடுவே விரல். வெறும் வயிற்றில் ஆரம்பித்துக் குளுக்கோஸ் கரைசல் குடித்துவிட்டு, 15 நிமிடத்துக்கு ஒருமுறை விரலில் குத்தி மீட்டரில் ஒரு எண், உணரியில் ஒரு மின்னழுத்தம். இரண்டு மணி நேரம். இரண்டையும் வரைபடத்தில் போட்டால் கோடு அப்படி அழகாக விழுந்தது. இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒட்டுறவு எண் 0.95, முழுப் பொருத்தம் என்றால் 1. ஆசிரியர்கள் பாராட்டினார்கள். என் பாட்டிக்குச் சர்க்கரை இருந்தது, அவருக்கு இதைச் செய்து கொடுத்துவிடலாம் என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் இருந்தேன்.

அடுத்த வாரம் அதே நேரத்தில், அதே நாற்காலியில், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். மீட்டரில் சர்க்கரை அசையவே இல்லை. உணரியின் மின்னழுத்தமோ போன வாரம் போன மாதிரியே ஏறி இறங்கியது! விரல் கிளிப்புக்குள் மெல்லச் சூடாகிறது, அழுத்தத்தில் இரத்தம் ஒதுங்குகிறது, பிறகு பழகிக்கொள்கிறது. அந்த மெதுவான நகர்வைத்தான் சர்க்கரை என்று எண்ணியிருந்தேன். குளுக்கோஸ் குடித்தால் சர்க்கரையும் இரண்டு மணி நேரத்தில் மெதுவாக ஏறி இறங்கும். மெதுவாக ஏறி இறங்கும் எதுவும் அதனோடு ஒட்டிப்போகும். அந்த 940இல் குளுக்கோஸின் உறிஞ்சல் இருக்கிறதோ இல்லையோ என்னும் அளவுக்குப் பலவீனமானது என்பதைப் பிறகுதான் படித்தேன்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் மார்க் அர்னால்டும் உடனிருந்தவர்களும் 1998இல் இதை முறையாகவே காட்டியிருக்கிறார்கள். தோலைப்போல ஒளியை நடத்தும் மாதிரிப் பொருள் ஒன்றைச் செய்து, அதில் குளுக்கோஸே சேர்க்காமல் அகச்சிவப்பு நிறமாலை எடுத்தார்கள். பிறகு அந்த நிறமாலைகளுக்குச் சர்க்கரை எண்களை ஒட்டிக் கணிதத்தில் போட்டார்கள். குளுக்கோஸ் துளியும் இல்லாத பொருளிலிருந்து சர்க்கரையைக் கணிப்பது போன்ற ஒரு மாதிரி வந்துவிட்டது! அந்தக் கட்டுரையைக் கல்லூரியில் சேர்ந்தபோதே யாராவது என் கையில் கொடுத்திருக்கலாம்.

அதனால் பழைய ரேடியோ ஐயாவிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வாட்சைக் கழற்றி, துண்டு ஒன்றை இறுக்கமாகச் சுருட்டி, அதில் கட்டிப் பாருங்கள்.


#8 கார்த்திகைப்பூ

தேன்சிட்டு அக்காவோட எண்ணையே பாருங்க. மீட்டர் 61லேருந்து 240 வரைக்கும் ஓடிருக்கு. வாட்ச் 107லேருந்து 121க்குள்ளேயே நிக்குது. பாப்பா உடம்புல என்ன நடந்தாலும் அதுக்குத் தெரியல.

அந்த 240ஐயும் விட்டுடாதீங்க அக்கா. கைல இனிப்பு ஒட்டியிருந்தா மீட்டர் கூடக் காட்டும், அது உண்மைதான். சந்தேகம் வந்தா சோப்புப் போட்டுக் கழுவி, நல்லாத் துடைச்சுட்டு மறுபடி குத்துங்க. வாட்ச் 121 சொல்லுதேன்னு விடக்கூடாது.


#9 பழைய ரேடியோ

தம்பி மின்கம்பி சொன்னதை இன்று காலை செய்தேன். குளியல் துண்டைச் சுருட்டி, வாட்சைக் கடைசித் துளையில் இறுக்கிக் கட்டி மேசைமேல் வைத்தேன். முதல் இரண்டு முறை ஒன்றும் காட்டவில்லை. மூன்றாவது முறை அரை நிமிடம் சுழன்று 103 என்றது. ஐந்து நிமிடம் கழித்து 111. பிறகு 106.

இந்த ஆறு மாதம் அந்த எண்ணைப் பார்த்துத்தான் காலையில் நடக்கப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்திருக்கிறேன். மனது மிகவும் கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் ஒன்று எனக்கு இன்னும் புரியவில்லை. மீட்டரோடு ஒப்பிட்டபோது பத்து, பதினைந்துக்குள் வந்தது உண்மைதானே? அது எப்படி?


#10 மின்கம்பி

ஐயா, வருத்தப்படாதீர்கள். உங்கள் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருப்பதால்தான் அப்படி வந்தது. கணக்கைச் சொல்கிறேன்.

எதையும் அளக்காமல் எப்போதும் 110 என்றே காட்டும் ஒரு பெட்டியைச் செய்கிறோம் என்று வையுங்கள். மீட்டரின் துல்லியத்தைப் பார்க்க மருத்துவர்கள் வைத்திருக்கும் பழைய அளவுகோல் ஒன்று 1987இல் வந்த கிளார்க் கட்டம். அதில் உண்மை அளவிலிருந்து 20 சதவீதத்துக்குள் இருந்தால் ‘ஏ’ பகுதி, அதாவது நல்லது. உண்மைச் சர்க்கரை 92இலிருந்து 137 வரை எங்கே இருந்தாலும் நம் 110 பெட்டி ‘ஏ’ வாங்கிவிடும். மாத்திரையில் நன்றாக இருக்கிறவருக்கு நாளின் பெரும்பகுதி அங்கேதானே கழிகிறது?

அந்தப் பெட்டியோடு சின்னதாக ஒரு கணிதத்தைச் சேர்த்து, சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கொஞ்சம் கூட்டவும் விடியற்காலையில் கொஞ்சம் குறைக்கவும் செய்தால் இன்னும் நம்பத் தோன்றும்.


#11 நிழற்குடை

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கமும் பேசுகிறேன். விரலில் குத்தும் மீட்டரும் துல்லியமில்லையே? ஒரே விரலில் அடுத்தடுத்துக் குத்தினால் 132, 145 என்று வருகிறது. மீட்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15197 தரமே 15 சதவீதம் வரை தப்பு விட அனுமதிக்கிறது. அப்படியிருக்க வாட்சை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமா? எண் வேண்டாம், ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொன்னாலாவது உதவாதா?


#12 சோதனைக்குழாய்

நிழற்குடை, தரத்தைச் சரியாகத்தான் சொன்னீர்கள், கூட ஒரு வரி சேர்க்க வேண்டும். 2013ஆம் ஆண்டுத் திருத்தப்படி 100க்கு மேல் 15 சதவீதம், 100க்குக் கீழே 15 மில்லிகிராம். நூறு அளவீடுகளில் 95 அதற்குள் இருக்க வேண்டும். உண்மையில் 61 இருக்கும்போது தரமான மீட்டர் 50 காட்டலாம், 75 காட்டலாம். அந்தத் தப்போடுகூடக் குழந்தை லோவுக்குப் பக்கத்தில் இருக்கிறாள் என்பது தெரிந்துவிடும். 107 காட்டாது.

இரண்டு தப்புகளும் ஒரே சாதி இல்லை. மீட்டரின் தப்பு உண்மையைச் சுற்றி அங்குமிங்கும் ஆடும், உண்மை நகர்ந்தால் தானும் கூடவே நகரும். வாட்ச் நடுவில் உட்கார்ந்துகொண்டு உண்மை நம்மிடம் வரட்டும் என்று காத்திருக்கிறது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லவும் அது கூடவே நகர வேண்டுமே. சர்க்கரை சாதாரணமாக இருக்கும் நேரத்தில் சரியாகவும், ஆபத்தில் இருக்கும் நேரத்தில் தப்பாகவும் இருப்பதைவிட மோசமான கருவி இருக்க முடியாது. இன்சுலின் போடுகிற குழந்தை விஷயத்தில் இதில் நான் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரி 21 அன்று பொதுமக்களுக்கு வெளிப்படையாகவே எச்சரிக்கை விட்டது. தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதையும் பயன்படுத்தாதீர்கள், அப்படி எதற்கும் நாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று. உடம்பில் ஒட்டி, இடைவிடாமல் சர்க்கரையைப் பார்க்கும் சி.ஜி.எம். சென்சார் அளந்து, அந்த எண்ணை வாட்சின் திரையில் காட்டுவது வேறு. அங்கே வாட்ச் வெறும் கண்ணாடி. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள்.


#13 கார்த்திகைப்பூ

அண்ணா, அப்ப இந்த ஆராய்ச்சி எல்லாமே வீணா? எனக்கு பதினெட்டு வருஷமா டைப் 1. “இன்னும் அஞ்சு வருஷத்துல ஊசியே வேண்டாம்”னு நான் ஸ்கூல் படிக்கறப்பலேருந்து கேட்டுட்டு இருக்கேன். 2014ல கூகுள் கண்ணுல வைக்கிற லென்ஸ் அறிவிச்சப்ப அந்தச் செய்தியை வெட்டி வெச்சிருந்தேன். கண்ணீர்ல இருக்கிற சர்க்கரை ரத்தத்தோட சரியா ஒத்துப்போகலைன்னு 2018ல நிறுத்திட்டாங்க. அது ஒளி இல்ல, மின்வேதியியல்னு தெரியும். இருந்தாலும் நம்பிக்கை உடையறது ஒண்ணுதான். நிஜமா எங்கயாவது வெளிச்சம் தெரியுதா, சொல்லுங்க.


#14 சோதனைக்குழாய்

வீண் இல்லை, தங்கச்சி. நிச்சயமாக இல்லை. நான் கோபப்படுவது கடையில் விற்கும் பொய்யின் மேல்தான், ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் மேல் இல்லை.

எனக்கு அதிக நம்பிக்கை ராமன் விளைவில். சி.வி. ராமன் 1928இல் கண்டதுதான். ஒரு பொருளின்மேல் ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால் சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது, எவ்வளவு மாறுகிறது என்பது அந்த மூலக்கூறின் கைரேகை. குளுக்கோஸுக்கும் தனி ரேகை இருக்கிறது. நான் மேலே கேட்ட “பொறுக்கிக் கொடுப்பது எது” என்ற கேள்விக்கு இங்கே ஒரு பதில் இருக்கிறது: மூலக்கூறே தன்னை அடையாளம் காட்டுகிறது. சிக்கல் என்னவென்றால் கோடியில் ஒரு ஒளித்துகள்தான் அப்படி வரும். தோல் தன் பங்குக்கு ஒளிர்ந்து அதையும் மூடிவிடும். லேசரைக் கூட்டலாமென்றால் தோல் சுட்டுவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் உயிருள்ள பன்றிகளின் தோல் வழியாகவே குளுக்கோஸின் ராமன் கோடுகளை நேரடியாகப் பார்த்ததாக வெளியிட்டார்கள். அதுவரை கணிதம் போட்டு ஊகித்துக்கொண்டிருந்ததைக் கண்ணெதிரே கோடாகக் காட்டியது பெரிய விஷயம். ஆனால் மயக்கத்தில் அசையாமல் கிடக்கும் விலங்குக்கும் ஓடியாடும் ஒன்பது வயதுக் குழந்தைக்கும் நடுவே நெடுந்தூரம்.

நடு அகச்சிவப்பு இன்னொரு பாதை. 8 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை குளுக்கோஸின் உறிஞ்சல் பலமாகவும் தெளிவாகவும் இருக்கிறது. ஆனால் அந்த ஒளி தோலுக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இறங்குவது கஷ்டம். இரத்தக்குழாயைத் தொடாது, மேல்தோலின் செல்களுக்கிடையே உள்ள திரவத்தைத்தான் பார்க்கும். அதனால் உறிஞ்சிய ஒளி உண்டாக்கும் நுண்ணிய சூட்டையோ ஒலியையோ பிடித்து அளக்கப் பார்க்கிறார்கள். ஒளி பட்டு ஒலி எழுவதை கிரகாம் பெல் 1880லேயே கவனித்திருக்கிறார்.

கண்ணைப் பற்றிக் கேட்டீர்களே, அங்கே ஒளியை வைத்தும் முயன்றிருக்கிறார்கள். முனைவாக்கிய ஒளி, அதாவது ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி, குளுக்கோஸ் கரைசலைக் கடந்தால் அந்தத் தளம் திரும்பும். கருவிழிக்குப் பின்னாலுள்ள தெளிந்த நீரில் அதை அளக்கலாம் என்று யோசனை. நான் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன்: சர்க்கரை 100, ஒளி கடக்கும் தூரம் ஒரு சென்டிமீட்டர் என்றால் திரும்பும் கோணம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. கண் இமைக்காமல் இருந்தாலும் கருவிழியே அதைவிட அதிகமாகக் குழப்பிவிடும்.


#15 நிழற்குடை

சோதனைக்குழாய் அண்ணா, உங்கள் பதில் என் வாதத்தை முடித்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒளி ஏற்கெனவே ஜெயித்த ஒரு இடத்தை யாரும் சொல்லவில்லையே. தோலுக்கு வெளியே இல்லை, உள்ளே.

எவர்சென்ஸ் என்ற சென்சார். 18 மில்லிமீட்டர் நீளம், மூன்றரை மில்லிமீட்டர் பருமன், மருந்து கேப்சூல் மாதிரி இருக்கும். மேற்கையில் தோலுக்கடியில் சிறு கீறல் போட்டு டாக்டர் வைப்பார். உள்ளே ஒரு எல்.இ.டி., அதைச் சுற்றி ஒரு பாலிமர் பூச்சு. அந்தப் பூச்சில் குளுக்கோஸ் வந்து ஒட்டினால் கூடுதலாக ஒளிரும், விலகினால் மங்கும். மேலே ஒட்டிய டிரான்ஸ்மிட்டர் அதைப் படித்து போனுக்கு அனுப்பும். 2018இல் எஃப்.டி.ஏ. அனுமதித்தபோது 90 நாள் தாங்கியது. 2024இல் வந்தது ஒரு வருடம் தாங்குகிறது. அளவைச் சரிபார்க்க இடையிடையே விரலில் குத்தத்தான் வேண்டும்.

நீங்கள் கேட்ட “பொறுக்கிக் கொடுப்பது” இதில் அந்தப் பூச்சுதான். நொதிக்குப் பதில் போரானிக் அமிலம்.


#16 சோதனைக்குழாய்

அருமை, நிழற்குடை. இதைத்தான் நானும் சொல்லியிருக்க வேண்டும். ஒன்று சேர்க்கிறேன்: அது பெரியவர்களுக்கு அனுமதித்தது. குழந்தைக்கு எது பொருந்தும் என்று சகோதரி தன் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். சாதாரண சி.ஜி.எம். சென்சார்கள் குழந்தைகளுக்கும் இருக்கின்றன. கையின் பின்பக்கம் ஒட்டினால் முடி போன்ற ஒரு இழை, அரை சென்டிமீட்டர் அளவுக்கு, உள்ளே போகும். அதில் நொதி இருக்கிறது. இரத்தத்தில் இல்லாமல் செல்களுக்கிடையிலுள்ள திரவத்தில் அளப்பதால் 5 முதல் 15 நிமிடம் பின்தங்கிக் காட்டும். வேகமாக இறங்கும்போது அதை மனதில் வைக்க வேண்டும். ஊசியே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பத்து, பதினான்கு நாளைக்கு ஒரே குத்து.


#17 கார்த்திகைப்பூ

அக்கா, சென்சார் வர்ற வரைக்கும் விரலுக்கு ஒரு வழி சொல்றேன். விரல் நுனி நடுவுல குத்தாதீங்க, அங்கதான் நரம்பு அதிகம். நகத்துக்குப் பக்கவாட்டுல, ஓரத்துல குத்துங்க. குத்தறதுக்கு முன்னாடி வெதுவெதுப்பான தண்ணில கழுவி, கையைத் தொங்கவிட்டு உதறச் சொல்லுங்க, ரத்தம் சுலபமா வரும். விரல்ல குத்தற பேனால ஆழத்துக்கு எண் இருக்கும், சின்னக் குழந்தைக்குக் குறைஞ்ச எண்ணே போதும். லான்செட்டை, அதான் அதுல இருக்கிற ஊசியை, ஒவ்வொரு தடவையும் மாத்துங்க, மழுங்கினதுதான் வலிக்கும். எந்த விரல்னு பாப்பாவே முடிவு பண்ணட்டும். எனக்கு எங்கம்மா அதை விட்டுக்கொடுத்த நாள்லேருந்து நான் முகத்தைத் திருப்பறதை விட்டுட்டேன்.


#18 தேன்சிட்டு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

அன்று கார்த்திகைப்பூ எழுதியதைப் படித்துவிட்டு மகளின் பேனாவைப் பார்த்தேன். ஆழம் 4இல் இருந்தது. பதினான்கு மாதமாக நான் மாற்றவே இல்லை. 2க்கு வைத்து ஓரத்தில் குத்தினேன். “குத்திட்டியா?” என்று கேட்டாள். அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

வாட்ச் சோதனையை அவளே செய்தாள். தலையணை ஓரத்தைச் சுருட்டிக் கட்டிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 109 வந்தது. கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, “அம்மா, இனிமே மீட்டர்ல மட்டும் பாரு” என்றாள். வாங்கிக் கொடுத்தவருக்கும் விஷயத்தைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவரும் தன் அப்பாவுக்கு இதே வாட்ச் வாங்கியிருந்தாராம், கழற்றச் சொல்லிவிட்டார்.

மருத்துவரிடம் பேசிப் போன திங்கட்கிழமை கையில் சென்சார் ஒட்டினோம். அறிவிப்பை 70இல் வைத்திருக்கிறோம். இரண்டாம் நாள் ராத்திரி 2:40க்கு போன் அலறியது. சென்சாரில் 66, இறங்குகிற அம்புக்குறி. விரலில் பார்த்தேன், 63. குளுக்கோஸ் கொடுத்துவிட்டு 15 நிமிடம் மடியில் வைத்திருந்தேன். 91 ஆனது.

இப்போது ஒரு புதுச் சந்தேகம். நேற்று ராத்திரி மறுபடி அலறியது, 58 என்று. ஓடிப்போய்க் குத்தினால் 112. வியர்வை இல்லை, நிம்மதியாகத் தூங்குகிறாள். சென்சாரும் வாட்ச் மாதிரி ஆகிவிட்டதா என்று பயந்துவிட்டேன். இது ஏன்?


#19 கார்த்திகைப்பூ

அக்கா, அவ எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா? சென்சார் இருக்கிற கை அடியில அழுந்தியிருந்துச்சா?


#20 தேன்சிட்டு

ஆமாம்! இடது கையில்தான் ஒட்டியிருக்கிறோம், அந்தப் பக்கமே ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.


#21 கார்த்திகைப்பூ

அதான். அழுந்தினா அந்த இடத்துல திரவம் ஒதுங்கிடும், சென்சார் பொய்யா லோ காட்டும். திரும்பிப் படுக்க வெச்சா கொஞ்ச நேரத்துல தானா மேல வந்துடும். ஆனா ஒவ்வொரு தடவையும் நீங்க செஞ்ச மாதிரி விரல்ல பார்த்துட்டுத்தான் விடணும், படுக்கைதான் காரணம்னு முன்கூட்டியே முடிவு பண்ணிடாதீங்க. அடுத்த சென்சாரை வலது கைல ஒட்டுங்க. எந்தக் கைன்னு அவகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு.